லேக் வியூவின் கணக்கு

2002 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் ஒரு கணக்கு ஆசிரியர் வருகிறார். லேக் வியூ என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர் ஒருவரே. கணக்கு ஆசிரியருக்கான சான்றிதழ் அவரிடம் இல்லை. தற்காலிக ஆசிரியர் என்ற பெயரில் ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளம்; பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கு இன்னொரு 5,000 டாலர். திரிகோணமிதி வகுப்புக்குக் கால்குலேட்டர்கள் போதவில்லை. கவராயம் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஒரே கரும்பலகை. கணினிக்கு வேண்டிய வன்பொருளும் மென்பொருளும் குறை, அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, தாளுக்கும் தட்டுப்பாடு. இந்தப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் அடிப்படைப் பாடங்களை அங்கே மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்றும் அதே தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது.

பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் பள்ளியின் பணப்பெட்டிக்கும் உள்ள உறவைப் பற்றி அறுபது ஆண்டுகளாக அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நுழையும் முன் இந்த ஆசிரியரை மனதில் நிறுத்திக்கொள்வது நல்லது. பேருந்தை நிறுத்திவிட்டு வந்து திரிகோணமிதி நடத்தும் மனிதர் அவர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. நம் ஊராட்சியைப் போல அது தனியான ஓர் அமைப்பு. பெரும்பாலான இடங்களில் அதற்கென்று மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு உண்டு. அந்தக் குழு அமர்த்தும் கண்காணிப்பாளர் உண்டு. பெரும்பாலும் வரி போடும் உரிமையும் உண்டு. நியூயார்க் நகரம் போல லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கொண்ட மாவட்டமும் இருக்கிறது. மொத்தமே முந்நூறு பிள்ளைகள் படிக்கும் மாவட்டமும் இருக்கிறது. 1940 வாக்கில் நாடெங்கும் இவை ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. இன்று ஏறத்தாழ 13,000. ஒவ்வொன்றாக மூடியும் இணைத்தும் வந்த வரலாறு அந்த எண்களுக்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஊர் ஏழை என்பதால் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவதில்லை. அமெரிக்காவில் அப்படியல்ல. பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசும் உள்ளூரும் ஏறக்குறைய சரிபாதியாகச் சுமக்கின்றன. மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கும். உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் வருவது சொத்து வரியிலிருந்து. ஆர்கன்சாவில் சொத்தின் சந்தை மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையே வரிக்குரிய மதிப்பாக எடுப்பார்கள். அந்த மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஒரு டாலர் வரி என்றால் அதற்கு ஒரு ‘மில்’ என்று பெயர். 60,000 டாலர் பெறும் வீட்டுக்கு வரிக்குரிய மதிப்பு 12,000. அதற்கு 25 மில் போட்டால் ஆண்டு வரி 300 டாலர். நூறு வீடு இருந்தால் 30,000. பழைய மரவீடுகளும் பருத்தி வயலும் மட்டுமே உள்ள ஊரில் இதற்கு மேல் எங்கே போவது? வயலுக்கும் சந்தை விலைப்படி வரி கிடையாது, விளைச்சல் திறனை வைத்தே மதிப்பிடுவார்கள். அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில், வால்மார்ட் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் பென்டன்வில் பக்கம், அதே 25 மில் எத்தனையோ மடங்கு பணத்தைக் கொண்டுவரும். விகிதம் ஒன்றுதான்; விளைவு வேறு.

லேக் வியூ இருப்பது மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், டெல்டா எனப்படும் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பகுதியில், ஃபிலிப்ஸ் கவுண்டியில். கவுண்டி என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றது. கறுப்பு வண்டல் மண், பருத்தி, சோயா. மண் வளமானது, அதில் உழைத்தவர்களின் கையில் அந்த வளம் தங்கியதில்லை. 1919 செப்டம்பர் இறுதியில் இதே கவுண்டியின் எலேன் ஊரில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் கூடிய கறுப்பினக் குத்தகை விவசாயிகள் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டுப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டார்கள். 1930களில் மத்திய அரசு கறுப்பின உழவர் குடும்பங்களை நிலத்தில் குடியமர்த்திய மறுகுடியேற்றத் திட்டத்தில் உருவான ஊர்தான் லேக் வியூ. சொந்த நிலம், சொந்த வீடு, சொந்தப் பள்ளி என்று எழுந்து நின்ற ஊர் அது. அந்த மக்களுக்கு அந்தப் பள்ளி என்னவாக இருந்திருக்கும் என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. 2002 தீர்ப்பு வந்த காலத்தில் அங்கு படித்தவர்கள் அனைவரும் கறுப்பினப் பிள்ளைகள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள்.

வழக்கு எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1973-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பள்ளி நிதியின் ஏற்றத்தாழ்வு மத்திய அரசமைப்புச் சட்டத்தை மீறவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டார். ஆனாலும் அந்தக் கதவு மூடியதுதான். அதன் பிறகு ஏழை மாவட்டங்களுக்கு இருந்த ஒரே வழி மாநிலங்களின் அரசமைப்புச் சட்டங்கள். பெரும்பாலான மாநிலங்களின் சட்டத்தில் பள்ளிக் கல்வியைத் தருவது மாநிலத்தின் கடமை என்று ஒரு வரியாவது இருக்கிறது. பொதுவான, தகுந்த, திறம்பட்ட இலவசப் பள்ளி அமைப்பை மாநிலம் என்றும் பேண வேண்டும் என்பது ஆர்கன்சாவின் வரி. 1983-இலேயே அங்கு நிதிமுறை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சட்டமன்றம் சில மாற்றங்களைச் செய்தது, இடைவெளி அப்படியே இருந்தது. 1992-இல் லேக் வியூ நீதிமன்றம் ஏறியது. 1994-இல் கீழ் நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. மாநிலம் 1996-இல் அரசமைப்பைத் திருத்தி எல்லா மாவட்டத்துக்கும் குறைந்தது 25 மில் என்று ஆக்கியது. போதவில்லை. 2001-இல் நீதிபதி காலின்ஸ் கில்கோர் நீண்ட விசாரணைக்குப் பின் மறுபடி செல்லாது என்றார்; 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த வழக்கு நடந்த காலத்தை ஒட்டி நாடெங்கும் இதே அலை ஓடிக்கொண்டிருந்தது. கென்டக்கியில் 66 ஏழை மாவட்டங்கள், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்து மலைக் கிராமங்கள், சேர்ந்து வழக்குத் தொடுத்தன. முன்னாள் ஆளுநர் பெர்ட் கோம்ப்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 1989-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நிதிமுறையோடு நிற்காமல் பள்ளி அமைப்பு முழுவதுமே செல்லாது என்றது. மறு ஆண்டே சட்டமன்றம் புதிய கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஒஹாயோவில் நிலக்கரிப் பகுதியான பெர்ரி கவுண்டியிலிருந்து போன வழக்கில் 1997 தொடங்கி மீண்டும் மீண்டும் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது, கடைசியில் நீதிமன்றம் வழக்கை விட்டு விலகிக்கொண்டது. தென் கரோலினாவின் கிராம மாவட்டங்கள் 1993-இல் தொடுத்த வழக்கில் 2014-இல் வென்றன. 2017-இல் அதுவும் கோப்போடு மூடப்பட்டது. வழக்கு போட்ட ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது இருபத்தேழு வயதைத் தொட்டிருக்கும்.

பணம் கொடுத்தால் பிள்ளைகள் படித்துவிடுவார்களா? எல்லா நீதிமன்றத்திலும் மாநிலங்களின் வழக்கறிஞர்கள் கேட்ட கேள்வி இதுதான். கேள்வியின் வேர் 1966-இல் இருக்கிறது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சம் மாணவர்களுக்கு மேல் ஆய்வு செய்த அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் குடும்பப் பின்னணியே, பள்ளியின் செலவு அல்ல என்று சொன்னது. 1980களில் பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செலவுக்கும் தேர்ச்சிக்கும் இடையே உறுதியான தொடர்பு தென்படவில்லை என்றார். அதே ஆய்வுகளை வேறு முறையில் தொகுத்த ஹெட்ஜஸ், லெய்ன், கிரீன்வால்ட் மூவரும் 1994-இல், தொடர்பு இருக்கிறது, அதுவும் சிறியதல்ல என்றார்கள். ஒரே தரவு, இரண்டு முடிவு.

முட்டுக்கட்டை எங்கே என்றால், பணம் சும்மா ஓர் ஊருக்குப் போவதில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள இடத்துக்குச் சில நிதிகள் கூடுதலாகப் போகும். அங்கே மதிப்பெண் ஏற்கெனவே குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் பணம் கூடக் கூட மதிப்பெண் குறைவது போலத் தோன்றும். காய்ச்சல் உள்ளவர்தான் மருந்து சாப்பிடுகிறார், அதற்காக மருந்துதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா? இந்தச் சிக்கலை அவிழ்க்க நீதிமன்றத் தீர்ப்புகளே வழி காட்டின. ஊரின் விருப்பத்தாலோ பெற்றோரின் வசதியாலோ அல்லாமல், தீர்ப்பு வந்த காரணத்தால் மட்டும் ஒரு மாவட்டத்தில் செலவு கூடினால், அதன் விளைவைத் தனியாகப் பார்க்கலாம். கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூவரும் 1955-க்கும் 1985-க்கும் இடையில் பிறந்தவர்களை அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன காலம் வரை பின்தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் காலம் முழுவதும் மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், படித்த ஆண்டுகள் சராசரியாக 0.31 கூடின, ஊதியம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது, வறுமையில் விழும் வாய்ப்பு 3.2 சதவீதப் புள்ளி குறைந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் விளைவு இதைவிடப் பெரிதாக இருந்தது. இதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் நிற்கின்றன. பணத்தால் பயனில்லை என்று இன்று சொல்வதற்கு இடமில்லை என்பது என் கருத்து. பணம் எதுவாக மாறி வகுப்பறைக்குள் வருகிறது என்பதே இனி மிச்சமுள்ள கேள்வி.

லேக் வியூவில் அது எதுவாக மாறியது? தீர்ப்புக்குப் பின் 2003 இறுதியில் கூடிய சிறப்புச் சட்டமன்றக் கூட்டம் நல்ல வேலைகள் பலவற்றைச் செய்தது. விற்பனை வரி ஏற்றப்பட்டது. ஒரு மாணவருக்கு அடிப்படை நிதி 5,400 டாலர் என்று நிர்ணயமானது. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள மாவட்டங்களுக்கு அவர்கள் விகிதத்தைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு 480 முதல் 1,440 டாலர் வரை கூடுதல் நிதி வந்தது. மாநிலத்தின் பள்ளிக் கட்டடங்கள் அனைத்தும் ஆய்வு செய்யப்பட்டன. போதுமான கல்விக்கு எவ்வளவு செலவாகும் என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டு, மற்ற செலவுகளுக்கு முன்னால் அதை ஒதுக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. இவையெல்லாம் லேக் வியூ மக்கள் பத்தாண்டு வழக்காடி மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றுத்தந்தவை.

அதே கூட்டத்தில் இன்னொரு சட்டமும் வந்தது. 1,500 மாணவருக்குக் குறைந்த மாவட்டங்களை இணைத்துவிட வேண்டும் என்பது ஆளுநர் மைக் ஹக்கபியின் திட்டம். கிராமங்கள் எதிர்த்தன. கடைசியில் சமரசமாக 350 என்ற எண் வந்தது: தொடர்ந்து இரண்டு ஆண்டு 350-க்குக் கீழே போனால் மாவட்டம் அருகிலுள்ளதோடு இணைய வேண்டும். 2004 ஜூலையில் இணைக்கப்பட்டவற்றில் லேக் வியூவும் ஒன்று. பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு அது சேர்க்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் இடையில் மறுபடி தலையிட்டு, 2007 மே மாதத்தில்தான் மாநிலம் கடமையை நிறைவேற்றிவிட்டது என்று வழக்கை முடித்தது. அப்போது வழக்கின் முதல் மனுதாரரான மாவட்டம் இல்லாமல் போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

இணைப்புக்கு ஆதரவான வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆர்கன்சாவின் விதிப்படி ஓர் உயர்நிலைப் பள்ளி 38 பாடப்பிரிவுகளை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். இரண்டாயிரம் பேர் படித்தாலும் 38, அறுபது பேர் படித்தாலும் 38. ஓர் ஆசிரியர் ஆறு பாடவேளை எடுப்பார் என்று வைத்தாலே ஏழு ஆசிரியர்கள் வேண்டும். இயற்பியலுக்கும் ஸ்பானிய மொழிக்கும் ஒரே ஆள் சான்றிதழ் வைத்திருக்கப்போவதில்லை. அறுபது பிள்ளைகளுக்கு 5,400 வீதம் வரும் பணம் 3,24,000 டாலர். அப்போது மாநிலம் வைத்த குறைந்தபட்ச ஆசிரியர் சம்பளம் 27,500. ஏழு பேருக்கு 1,92,500. மீதி 1,31,500-க்குள் முதல்வர், கண்காணிப்பாளர், பேருந்து, எரிபொருள், மின்சாரம், கூரை ஒழுகல், ஆய்வகம், புத்தகம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. நியூயார்க் மாநிலத்தின் கிராம மாவட்டங்களை ஆராய்ந்த வில்லியம் டன்கோம்பும் ஜான் யிங்கரும் 300 மாணவர் மாவட்டம் ஒன்று தன்னளவான இன்னொன்றோடு இணைந்தால், இணைப்புக்கான செலவுகள் போக, ஒரு மாணவருக்கு 31.5 சதவீதம் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். 1,500 மாணவர் மாவட்டத்தில் அது 14.4 சதவீதமாகக் குறைகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்றை ஆர்கன்சாவின் அனுபவம் காட்டுகிறது. அங்கு இணைக்கப்பட்ட மாவட்டங்களின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை, அல்லது சிறிய ஏற்றம் என்றுதான் முடிவு வந்தது. ஊர்களைப் பார்த்த ஆய்வோ இணைப்புக்குப் பின் மக்கள் தொகையும் சொத்து மதிப்பும் குறைந்ததைக் கண்டது. பள்ளி போன ஊருக்கு இளம் குடும்பம் குடிவராது. இருக்கும் குடும்பமும் நகரும். சொத்து மதிப்பு சரிந்தால் வரி சரியும்; அடுத்த இணைப்புக்கு அதுவே காரணமாகும்.

கிறிஸ்டபர் பெரியும் மார்ட்டின் வெஸ்டும் இருபதாம் நூற்றாண்டின் பெரும் இணைப்பு அலையை ஆராய்ந்தபோது கண்டதை இந்த விவாதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மாவட்டம் பெரிதானதால் சிறிய நன்மை இருந்திருக்கலாம். ஆனால் பள்ளி பெரிதானதால் வந்த கேடு அதை விழுங்கிவிட்டது என்றார்கள் அவர்கள். சிறிய பள்ளிகளில் படித்தவர்கள் அதிக ஆண்டு படித்தார்கள், பின்னாளில் அதிகம் சம்பாதித்தார்கள். ஆக, மாவட்டத்தை இணைப்பதும் பள்ளியை மூடுவதும் ஒன்றல்ல. கணக்கு வழக்கு, கொள்முதல், பேருந்து நிர்வாகம், கண்காணிப்பாளர் பதவி இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து ஊருக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரைப் பகிரலாம். குழந்தை நடந்துபோகும் தொடக்கப்பள்ளியை எதற்காக மூட வேண்டும்? நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே முடிந்தன. நிர்வாகம் போனதும் குழுவில் ஊரின் குரல் போயிற்று; குரல் போனபின் கட்டடத்தைக் காப்பாற்ற ஆளில்லை. அதிலும் இணைக்கப்பட்ட டெல்டா மாவட்டங்கள் பலவற்றில் கறுப்பினக் குழந்தைகளே பெரும்பான்மை. தங்கள் பாட்டன்மார் காலத்தில் வாக்கு மறுக்கப்பட்ட மக்களுக்குத் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு குழு இருந்தது. அது போனது சிறிய இழப்பல்ல.

நிதிச் சூத்திரத்துக்குள்ளேயே இன்னொரு கோளாறு இருக்கிறது. 2003-இல் வெளி வல்லுநர்களான லாரன்ஸ் பிக்கஸ், ஆலன் ஓடன் இருவரையும் அமர்த்தி மாநிலம் போட்ட அடிப்படைக் கணக்கு, 500 மாணவர் கொண்ட ஒரு மாதிரிப் பள்ளியை வைத்துப் போடப்பட்டது. அத்தனை பேருக்கு இத்தனை ஆசிரியர், இத்தனை நூலகர், இத்தனை ஆலோசகர் என்று கூட்டி, 500-ஆல் வகுத்து வருவதே ஒரு மாணவருக்கான தொகை. 500-க்கு அளந்து தைத்த சட்டை அது. 120 பேர் படிக்கும் பள்ளிக்கு அந்த நூலகரிலும் ஆலோசகரிலும் ஏறக்குறைய கால் பங்குதான் கிடைக்கிறது. தொலைவில் தனித்துக் கிடக்கும் பள்ளிகளுக்குத் தனி நிதி உண்டு, அது துணைச் சத்து போலத்தான். மத்திய அரசின் ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலும், ஏழைகளின் எண்ணிக்கைக்குக் கூடுதல் எடை தருவதால் பெரிய மாவட்டங்கள் முந்திக்கொள்கின்றன. 600 மாணவருக்குக் குறைந்த கிராம மாவட்டங்களுக்கென்று 2002 முதல் ஒரு சிறு மத்திய நிதி ஓடுகிறது. நல்லது, ஆனால் ஓர் ஆசிரியரை முழுதாக அமர்த்தக்கூட அது பல இடங்களில் காணாது.

அளவுகோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிறு பள்ளிகளை மூடும்போது முதலில் நீட்டப்படுவது மதிப்பெண் பட்டியல்தான். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். போன ஆண்டு ஒன்பது பேர் தேர்ச்சி, 75 சதவீதம். இந்த ஆண்டு ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல், இன்னொரு குடும்பம் வேலை தேடி வேறு ஊர் போய் அதற்குப் பதில் புதிதாக ஒரு பிள்ளை வந்தது. ஏழு பேர் தேர்ச்சி, 58 சதவீதம். பள்ளியில் எதுவும் மாறவில்லை. பட்டியலில் 17 புள்ளி சரிவு. தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் 2002-இல் இதை விரிவாகக் காட்டினார்கள்: பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே அதிகம் வரும், காரணம் எண்ணிக்கைதான். உச்சிக்குப் போன சிறு பள்ளிக்குப் பரிசு கொடுப்பதும் அடிக்குப் போனதை மூடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். மூன்று, நான்கு ஆண்டு மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை உள்ளே வந்தபோது எங்கிருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை, பொறுமை போதும்.

சிறு வகுப்பால் நன்மை உண்டா என்றால் உண்டு. டென்னசி மாநிலம் 1985 முதல் நான்கு ஆண்டு நடத்திய சோதனையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் படித்த குழந்தைகள் முன்னேறினார்கள். கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் அதிகம் பயன்பெற்றார்கள். அந்தச் சிறு வகுப்பு கிராமப் பள்ளிக்குச் செலவில்லாமலே கிடைக்கிறது. ஆனால் லேக் வியூவின் பாடம் இங்கேதான் இருக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தும் முன்னே நிற்பவர் கணக்கு படித்தவராக இல்லையென்றால் அந்த வரம் வீணாகிறது. பணம் முதலில் ஆசிரியராக வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பயனில்லை. வாரத்தில் நான்கு நாள் மட்டும் பள்ளி நடத்தும் முறை நூற்றுக்கணக்கான கிராம மாவட்டங்களுக்குப் பரவியிருக்கிறது. அதனால் மிச்சமாவது சில சதவீதத்தைத் தாண்டவில்லை, பிள்ளைகளின் கற்றல் வேகம் குறைந்தது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சில ஊர்கள் ஆசிரியரை ஈர்க்க ஒரு நாள் விடுமுறையைத்தான் கொடுக்க முடிகிறது, சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை என்பதும் புரிகிறது.

2023-இல் ஆர்கன்சா கொண்டுவந்த கல்விச் சட்டம் ஆசிரியரின் குறைந்தபட்ச சம்பளத்தை 36,000-இலிருந்து 50,000 டாலராக உயர்த்தியது. அதே சட்டத்தில் தனியார் பள்ளிக்கு அரசுப் பணத்தைக் கொண்டுபோகும் கணக்குகளும் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. பொதுப் பள்ளி ஒன்றே உள்ள ஊரிலிருந்து பணம் வெளியேறத்தான் அது வழி செய்யும். ஆனால் சம்பள உயர்வை வரவேற்கிறேன். டெல்டாவில் தொடக்கச் சம்பளத்துக்கும் நகரச் சம்பளத்துக்கும் இருந்த இடைவெளி அதனால் சுருங்கியது. ஒரு குறை: பல ஏழை மாவட்டங்களில் நேற்று வந்தவருக்கும் பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கும் இப்போது அதே 50,000. அனுபவத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க ஊரிடம் பணமில்லை. அந்த இரண்டாம் படியையும் மாநிலம் ஏற்க வேண்டும்.

லேக் வியூவின் பக்கத்து ஊரான எலேனின் பள்ளி மாவட்டம் 2006-இல் அதே கவுண்டியின் மார்வெல் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. எலேனின் பள்ளிகள் மூடப்பட்டன. மார்வெல்-எலேன் மாவட்டமும் பிள்ளைகள் குறைந்து 350-க்குக் கீழே போனது. 2023-இல் மாநிலம் அதைத் தன் கைக்குள் எடுத்து, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பட்டயப் பள்ளிகளை நடத்தும், வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்திடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது. பெற்றோரும் ஊர்க்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். கீழ் நீதிமன்றம் முதலில் தடை கொடுத்தது. அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முப்பது ஆண்டுக்கு முன் லேக் வியூ ஏறிய அதே படிகளில் அதே கவுண்டியின் மக்கள் மறுபடி ஏறியிருக்கிறார்கள்.

மாநிலம் செய்ய வேண்டியதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. 120 பேர் படிக்கும் பள்ளிக்கு என்ன செலவாகும் என்று அந்தப் பள்ளியிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். 350 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கதவை மூடக் கூடாது. ஆறு வயதுக் குழந்தை பேருந்தில் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். நிர்வாகத்தைச் சேர்த்தாலும் சேர்ந்த ஊருக்குக் குழுவில் உறுதியான இடம் வேண்டும். கணக்குக்குக் கணக்கு படித்த ஆசிரியர் வேண்டும், அவர் பேருந்து ஓட்டாமல் வாழ முடிகிற சம்பளம் வேண்டும். லேக் வியூ 1992-இல் கேட்டது இதைத்தான்.